மியாட்டாவைக் கொடுத்துப் பின்சீட்டு வாங்குவது எப்படி

இருபது பவுண்டு பொன்னி அரிசி மூட்டைக்கு நான் சீட் பெல்ட் போட்டிருக்கிறேன். டாலஸில் இந்தியக் கடையிலிருந்து வீட்டுக்கு வரும் வழி. பக்கத்துச் சீட்டில் இருப்பது ஆளா மூட்டையா என்று தெரியாமல் வண்டி 'டிங் டிங்' என்று கத்திக்கொண்டே வந்தது. சிக்னலில் நிறுத்தி, பெல்ட்டை இழுத்து மூட்டைக்கு மாட்டிய பிறகுதான் வாயை மூடியது. டிக்கியில் போட்டிருக்கலாமே என்று கேட்காதீர்கள். மாஸ்டா எம்எக்ஸ்-5 மியாட்டாவின் டிக்கி 4.6 கன அடி, அதாவது 130 லிட்டர். காய்கறிப் பைகளை வைத்ததும் நிரம்பிவிட்டது.

மூட்டையோடு குடும்பம் நடத்திவிடலாம். மகளோடுதான் முடியவில்லை. அவளுக்கு ஆறு வயது. டெக்சஸில் 8 வயதுக்குக் கீழே, உயரம் 4 அடி 9 அங்குலத்தை எட்டாத பிள்ளையைக் குழந்தை சீட்டில்தான் உட்கார வைக்க வேண்டும். அதைப் பின்னால் பொருத்துவதுதான் பாதுகாப்பு. மியாட்டாவில் 'பின்னால்' என்று ஒன்றே இல்லை. ஆறு வருடம் ஓட்டிய வண்டியைக் கொடுத்துவிட்டு டொயோட்டா ஜிஆர்86 வாங்கினேன். அமெரிக்காவில் முதல் முறையாக டிரேட்-இன் செய்பவர்களுக்காக, அதாவது பழைய வண்டியை டீலரிடமே கொடுத்து அதன் விலையைப் புது வண்டியில் கழித்துக்கொள்பவர்களுக்காக, செய்த வரிசையிலேயே எழுதுகிறேன். நான் சொதப்பிய இடங்களும் இதில் உண்டு.

1. எதை விட மாட்டீர்கள் என்று முதலில் எழுதுங்கள்

ஷோரூமுக்குப் போவதற்கு முன், வீட்டில் உட்கார்ந்து செய்ய வேண்டிய வேலை இது. பழைய வண்டியில் எது போனால் மனசு தாங்காது? என் தாளில் மூன்றே வரி இருந்தது: கையால் மாற்றும் கியர், பின்சக்கர இயக்கம், குறைந்த எடை. கூரை திறப்பது நான்காவதாக இருந்தது. ஜூலை மாத டாலஸ் வெயிலில் கூரையைத் திறந்தால் தலை வெந்துவிடும் என்பதால் அதை அடித்துவிட்டேன்.

இந்த மூன்று வரியே கடையில் இருக்கும் பாதி வண்டிகளை வடிகட்டிவிடும். ஃபோர்டு மஸ்டாங்கின் டிக்கி 13 கன அடிக்கு மேல், பின்சீட்டும் பரவாயில்லை. ஆனால் எடை 1,600 கிலோவுக்கு மேல், 2024 மாடலிலிருந்து நான்கு சிலிண்டர் எகோபூஸ்ட் எஞ்சின் வண்டிக்குக் கைக் கியரே இல்லை. பிஎம்டபிள்யூ 230i கூப்பேயிலும் (கூப்பே என்றால் இரண்டு கதவு, மூடிய கூரைக் கார்) ஆட்டோமேட்டிக் மட்டும்தான். மிஞ்சியது ஜிஆர்86, அதன் இரட்டைப் பிறவி சுபாரு பிஆர்இசட். இரண்டும் ஜப்பானில் சுபாருவின் குன்மா ஆலையில் ஒரே கூரையின் கீழ் உருவாகின்றன. 2.4 லிட்டர் எஞ்சின், 228 குதிரைத் திறன், எடை சுமார் 1,275 கிலோ. என் மியாட்டா 181 குதிரைத் திறன், 1,060 கிலோ. இருநூறு கிலோ கூடுகிறது, ஆனாலும் குணம் அதே குணம்.

உங்களுக்குக் கைக் கியர் முக்கியமில்லை என்றால் மஸ்டாங்கே நல்ல முடிவு. வெட்கப்பட ஒன்றுமில்லை.

2. குழந்தை சீட்டைக் கையோடு எடுத்துப் போங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு படியைத்தான் கேட்பேன் என்றால் இதைக் கேளுங்கள். விளம்பரத்தில் 'நான்கு பேர் உட்காரலாம்' என்று இருக்கும். எந்த நான்கு பேர் என்று இருக்காது.

நான் குழந்தை சீட்டையும், அதில் உட்காருபவளையும், அவளுடைய அம்மாவையும் கூட்டிப் போனேன். விற்பனையாளர் சிரித்தார். சிரிக்கட்டும். முன்சீட்டை முன்னால் தள்ளி, தலையைக் குனிந்து, சீட்டைப் பின்னால் நுழைத்து, கொக்கியைத் தேடி மாட்டிக் காட்டச் சொன்னால் அவருக்கும் பத்து நிமிடம் ஆகிறது. தினமும் காலை பள்ளிக்குக் கிளம்பும் அவசரத்தில் நாம் செய்யப் போவதும் அந்தக் குனிதலைத்தான். குழந்தை சீட்டை ஓட்டுநருக்குப் பின்னால் வைத்து, என் கால் நீளத்துக்கு முன்சீட்டைச் சரிசெய்ததும் பின்னாலிருந்து குரல் வந்தது: "அப்பா, என் முட்டி இடிக்குது." வலது பக்கம் மாற்றினோம். மனைவி கொஞ்சம் முன்னால் தள்ளி உட்கார்ந்தார். "எனக்குப் போதும்ங்க, ஊருக்கா போகப் போறோம்" என்றார். அந்த வாக்கியத்துக்குப் பிறகுதான் விலையே பேச ஆரம்பித்தேன்.

பின்னோக்கிப் பார்க்கும் கைக்குழந்தை சீட் வைத்திருப்பவர்களுக்கு நேராகவே சொல்லிவிடுகிறேன்: இந்த வண்டி வேண்டாம். வைக்கலாம், ஆனால் முன்னால் உட்காருபவரின் முட்டி டேஷ்போர்டில் முட்டும்.

அப்படியே டிக்கியையும் பாருங்கள். ஜிஆர்86 டிக்கி 6.3 கன அடி. எண்ணில் பெரிய முன்னேற்றம் இல்லை. பின்சீட்டின் சாய்மானத்தை மடக்கினால்தான் இடம் கிடைக்கும். அப்போது நான்கு டயர்களைக்கூட அடுக்கலாம். பிரச்சினை என்னவென்றால், அந்தச் சாய்மானம் முழுசாக ஒரே துண்டு. பாதி மடக்கி, மீதியில் குழந்தையை உட்கார வைக்க முடியாது. இதை நான் வாங்கிய பிறகுதான் கவனித்தேன். மகளா, மடக்கு மேசையா என்று ஒவ்வொரு முறையும் முடிவு செய்ய வேண்டியிருக்கிறது.

3. வழக்கமான பாதையில் ஓட்டிப் பாருங்கள்

விற்பனையாளர் காட்டும் வட்டத்தில் ஓட்டாமல், நீங்கள் தினமும் போகும் நெடுஞ்சாலையில் ஓட்டுங்கள். திறந்த காரிலிருந்து வருபவருக்கு எந்தக் கூப்பேயும் முதலில் அமைதியாகத்தான் தெரியும், ஏமாற வேண்டாம். ரேடியோவை அணைத்துவிட்டு 70 மைல் வேகத்தில் டயர் சத்தத்தைக் கேளுங்கள். ஜிஆர்86-இல் கேட்கும் எஞ்சின் உறுமலில் ஒரு பகுதி ஸ்பீக்கர் வழியாக வருவது. எனக்கு அது பிடிக்கவில்லை, பழகிவிட்டது.

பெட்ரோல் செலவையும் இப்போதே போட்டுப் பாருங்கள். அரசுக் கணக்கில் மியாட்டா சராசரியாக ஒரு கேலனுக்கு 29 மைல், கைக் கியர் ஜிஆர்86 22 மைல். வருடம் 12,000 மைல் ஓட்டினால் சுமார் 130 கேலன் கூடுதல், அதுவும் பிரீமியம் பெட்ரோல்.

4. பழைய வண்டிக்கு எழுத்தில் விலை வாங்குங்கள்

கார் விலை காட்டும் இணையதளங்களான கெல்லி புளூ புக், எட்மண்ட்ஸ் இரண்டும் தோராயத்துக்கு உதவும். ஆனால் அவை மதிப்பீடுகள்தான், யாரும் அந்த விலைக்கு வாங்குகிறேன் என்று கையெழுத்துப் போடவில்லை. பழைய கார்களை வாங்கி விற்கும் கார்மேக்ஸ் போன்ற இடத்தில் வண்டியைக் காட்டினால் ஏழு நாளைக்குச் செல்லும் விலையைத் தாளில் தருவார்கள். அடுத்த வண்டியை அவர்களிடம் வாங்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. இப்படி இரண்டு மூன்று தாள்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள். திறந்த கார் என்றால் வெயில் தொடங்கும் முன், மார்ச் ஏப்ரலில் விற்பது நல்லது. டிசம்பர் குளிரில் கூரை மடக்கும் காரை யார் தேடுவார்கள்?

வண்டி மீது கடன் பாக்கி இருந்தால் வங்கியிடம் 'பத்து நாள் பே-ஆஃப்' தொகை கேளுங்கள், அதாவது பத்து நாளுக்குள் கடனை முழுசாக அடைக்கத் தேவையான தொகை. மாதாந்திர அறிக்கையில் தெரியும் பாக்கியைவிட இது கொஞ்சம் கூடுதலாக இருக்கும், வட்டி தினமும் ஏறுவதால். வண்டி விலை 18,000 டாலர், பாக்கி 20,000 என்றால் அந்த 2,000 உங்கள் கையைக் கடிக்கும். டீலர் "கவலைப்படாதீர்கள், புதுக் கடனில் சேர்த்துவிடலாம்" என்பார். சேர்க்காதீர்கள். ஓடாத வண்டிக்கு ஐந்து வருடம் வட்டி கட்டுவது அது.

காட்டுவதற்கு முன் கழுவி, உள்ளே துடைத்து, ஆயில் மாற்றிய ரசீதுகளை அடுக்கி வையுங்கள். துணிக் கூரையின் ஓரத்தில் தண்ணீர் வடியும் துளைகளில் இலை அடைத்திருந்தால் எடுத்துவிடுங்கள். ஈர வாடை அடித்தால் விலை பேசுபவரின் முகம் உடனே மாறும். சைலன்சர், ஸ்பிரிங் என்று ஏதாவது மாற்றியிருந்தால் ஒரிஜினலைத் திரும்ப மாட்டிவிட்டு, மாற்றுப் பாகத்தைத் தனியாக விற்றுவிடுங்கள். டிரேட்-இன்னில் அதற்கு ஒரு டாலர்கூடக் கிடைக்காது.

5. நான்கு கட்டத் தாள்

டீலரின் மேசையில் உட்கார்ந்ததும் ஒரு தாள் வரும். நடுவில் ஒரு கூட்டல் குறி போட்டு நான்கு கட்டமாகப் பிரித்திருப்பார்கள். ஒன்றில் உங்கள் பழைய வண்டியின் விலை, ஒன்றில் புது வண்டியின் விலை, ஒன்றில் முன்பணம், ஒன்றில் மாதத் தவணை. இப்போதெல்லாம் டேப்லெட்டிலும் காட்டுகிறார்கள், சங்கதி ஒன்றுதான்.

என் கதை இது. பழைய வண்டிக்கு அவர் எழுதிய எண் என் கையிலிருந்த தாளைவிட 1,500 டாலர் குறைவு. தாளைக் காட்டினேன். முகம் சுளிக்காமல் உடனே ஏற்றிக் கொடுத்தார். எனக்கு ஒரே சந்தோஷம். வீட்டுக்கு வந்து சரிபார்த்தபோதுதான் புது வண்டியின் விலைக் கட்டத்தில் 'பாதுகாப்புத் தொகுப்பு' என்ற பெயரில் கிட்டத்தட்ட அதே தொகை ஏறியிருந்தது தெரிந்தது. ஜன்னல் டின்ட், டயரில் நைட்ரஜன். நல்லவேளை, கையெழுத்துப் போடவில்லை. மறுநாள் வேறு டீலரிடம் போனேன்.

அதனால் இதை இரண்டு வியாபாரமாகவே நடத்துங்கள். முதலில் மின்னஞ்சலிலேயே, டிரேட்-இன் பற்றி மூச்சு விடாமல், புது வண்டிக்கு 'அவுட்-தி-டோர்' விலை கேளுங்கள். வரி, ஆவணக் கட்டணம், ஒட்டி வைத்த சில்லறைச் சாமான் எல்லாம் சேர்ந்த மொத்தத் தொகை அது. அது எழுத்தில் வந்த பிறகு, "என்னிடம் ஒரு மியாட்டா இருக்கிறது, இன்னார் இவ்வளவு தருகிறார்" என்று ஆரம்பியுங்கள். "மாதம் எவ்வளவு கட்ட முடியும்?" என்று கேட்டால் எண் சொல்லாதீர்கள். மாதம் 20 டாலர்தானே கூடுகிறது என்று தலையாட்டினால் 72 மாதத்தில் அது 1,440 டாலர்.

6. வரிக் கணக்கு

பழைய வண்டிக்கு வெளியில் 22,500 டாலர் தருகிறார்கள், டீலர் 22,000 தருகிறார் என்று வைத்துக்கொள்வோம். வெளியில்தானே விற்க வேண்டும்? டெக்சஸில் பொறுங்கள். இங்கே வாகன விற்பனை வரி 6.25 சதவீதம், டிரேட்-இன் தொகையைக் கழித்த மீதிக்கு மட்டும். புது வண்டி 34,000 என்று வைத்துக்கொள்வோம். டிரேட்-இன் இல்லாமல் வரி 2,125 டாலர். 22,000-ஐக் கழித்தால் 12,000-க்கு மட்டும் வரி, அதாவது 750. மிச்சம் 1,375. ஆக டீலரின் 22,000 உங்களுக்கு 23,375-க்குச் சமம். வெளியாள் அதற்கு மேல் தந்தால் மட்டும் அங்கே போங்கள்.

பெரும்பாலான மாநிலங்களில் இந்தச் சலுகை உண்டு. கலிபோர்னியா, வர்ஜீனியா இரண்டிலும் இல்லை. அங்கே இருப்பவர்கள் கூடுதலாகத் தருபவருக்கே விற்கலாம்.

7. கையெழுத்து அறை

கடன் ஒப்புதலை முன்பே உங்கள் வங்கியிலோ கிரெடிட் யூனியனிலோ வாங்கி வைத்துக்கொண்டு போங்கள். டீலர் அதைவிடக் குறைந்த வட்டி தந்தால் சரி, எடுத்துக்கொள்ளலாம். நீட்டிப்பு வாரண்டியை அன்றே வாங்க வேண்டியதில்லை. டொயோட்டாவின் வாரண்டி 3 வருடம் அல்லது 36,000 மைல், எஞ்சின் கியர்பாக்ஸுக்கு 5 வருடம் அல்லது 60,000 மைல். யோசிக்க நேரம் நிறைய இருக்கிறது.

8. சாவியைக் கொடுக்கும் முன்

இன்சூரன்ஸ் நிறுவனத்தைப் புது வண்டியின் எண்ணோடு அழையுங்கள், இல்லாமல் சாலையில் இறங்காதீர்கள். பழைய வண்டியில் இணைத்த போனை, வீட்டு முகவரியை, கராஜ் கதவின் நினைவை அழியுங்கள். மியாட்டாவில் கிளவ் பாக்ஸ் கிடையாது. இரண்டு சீட்டுக்கும் நடுவே பின்னால் ஒரு பூட்டுப் பெட்டிதான். அதைத் திறந்து பாருங்கள். என்னுடையதில் ஒரு வருடமாகத் தேடிய கண்ணாடி இருந்தது.

நான் மறந்தது டோல்டேக், சுங்கச் சாலைக் கட்டணத்தைத் தானாகக் கணக்கிலிருந்து எடுக்கும் வில்லை. முன்கண்ணாடியில் ஒட்டிய வில்லை அப்படியே டீலரோடு போய்விட்டது. இரண்டு வாரம் கழித்துக் கணக்கைப் பார்த்தால், நான் அலுவலகத்தில் உட்கார்ந்திருந்த நேரத்தில் என் மியாட்டா டர்ன்பைக் என்ற சுங்கச் சாலையில் போய் வந்திருக்கிறது. வில்லையைக் கிழித்தெடுத்து, கணக்கிலிருந்தும் அந்த வண்டியை நீக்குங்கள். டெக்சஸ் வாகனத் துறையின் இணையதளத்தில் வண்டியை விற்றுவிட்டதாக ஓர் அறிவிப்பும் 30 நாளுக்குள் போட்டுவிடுங்கள், ஐந்து நிமிட வேலை.

கடைசியாக ஒன்று. பழைய வண்டிக்கு நீட்டிப்பு வாரண்டியோ, கேப் இன்சூரன்ஸோ (விபத்தில் வண்டி போனால் அதன் மதிப்புக்கும் கடன் பாக்கிக்கும் உள்ள வித்தியாசத்தைத் தருவது) வாங்கியிருந்தால், ரத்து செய்து மீதிக் காலத்துக்கான பணத்தைத் திரும்பக் கேளுங்கள். யாரும் தானாகச் சொல்ல மாட்டார்கள். கடிதத்தோடு, வண்டியைக் கொடுத்த அன்றைய மைல் கணக்குத் தாளையும் இணைக்க வேண்டும், அதனால் ஓடோமீட்டரைப் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். எனக்குக் காசோலை வர ஆறு வாரம் ஆனது.