வன்னி ரோட்டில் மின்சாரக் கார்: வாங்க முன்னும் வாங்கிய பின்னும்

பொருளாதாரத் தடை இருந்த தொண்ணூறுகளில் ஐயாவின் எம்டி 90 மோட்டார் சைக்கிள் மண்ணெண்ணெயில்தான் ஓடியது. சீற்றுக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் போத்தலில் பெற்றோல் தொங்கும். ஸ்ராட் பண்ண அதில் நாலு சொட்டு, எஞ்சின் சூடு பிடித்ததும் மண்ணெண்ணெய். விசுவமடுவுக்குப் போய்வர எத்தனை போத்தல், முல்லைத்தீவுக்கு எத்தனை, எதிர்க்காற்று என்றால் எவ்வளவு கூடப் பிடிக்கும் என்றெல்லாம் ஒரு கொப்பியில் எழுதி வைத்திருந்தார். 2022 கடைசியில் நான் ஒரு பழைய நிசான் லீஃப் வாங்கினேன். அப்போது கார் வீட்டுக்கு வர முதலே நான் வாங்கியது ஒரு கொப்பி.

நான் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். வீடு கிளிநொச்சி, பள்ளிக்கூடம் புதுக்குடியிருப்புப் பக்கம். பரந்தன் சந்தியில் திரும்பி, தருமபுரம், விசுவமடு, உடையார்கட்டு, வள்ளிபுனம் தாண்டிப் போய்வர என் மீற்றரில் 72 கிலோமீற்றர். இப்போது கிழமைக்கு ஒருவராவது "ரீச்சர், இந்தக் கார் எங்கட பக்கத்துக்குச் சரிவருமோ?" என்று மறித்துக் கேட்கிறார்கள். அவர்களுக்குச் சொல்வதை எழுதிவிடுகிறேன்.

கார் பார்க்கப் போக முதல் இரண்டு கிழமைக்கு உங்கள் ஓட்டத்தை எழுதுங்கள். இப்போது ஓடுகிற மோட்டார் சைக்கிளின் மீற்றரைக் காலையும் இரவும் பார்த்துக் குறித்தால் போதும். சராசரி எடுக்க வேண்டாம், அது இந்தக் கணக்குக்கு உதவாது. அந்த இரண்டு கிழமையில் ஆகக் கூட ஓடிய நாள் எது என்று பாருங்கள். அதோடு 30 கிலோமீற்றரைக் கூட்டுங்கள். அந்த 30 ஆஸ்பத்திரிக்கு உரியது. வீட்டுக்கு வந்து இறங்கிய பிறகு அம்மாவுக்கு நெஞ்சு நோகிறது என்றால் கிளிநொச்சி ஆஸ்பத்திரிக்குப் போய்வரக் காரில் மிச்சம் இருக்க வேண்டும். 1990 சுவசெரிய அம்புலன்ஸ் இருக்கிறதுதான். ஆனாலும் எங்கள் ஊர் உள்வீதிகளில் வீட்டை அடையாளம் சொல்லிக் கூப்பிடுகிற நேரத்துக்குள் நாங்களே பாதித் தூரம் போய்விடலாம். எனக்கு 72 உடன் 30, ஆக 102. இந்த எண்ணைக் கையில் வைத்துக்கொண்டுதான் கார் பார்க்கப் போனேன்.

அடுத்தது பற்றரி. அதைக் கறண்ட் பில்லில் வருகிற யூனிற்றாகவே நினையுங்கள், குழப்பம் போய்விடும். 2014, 2015 காலத்தில் ஜப்பானில் இருந்து இங்கே வந்த லீஃப்களில் கனக்க 24 யூனிற் பற்றரி. புதிதாக இருக்கும்போதே அதில் ஓடக்கூடியது 21 யூனிற் அளவுதான். வருடம் போகப் போக அது சுருங்கும். இந்தக் காரின் பற்றரிக்குத் தனியான குளிரூட்டல் இல்லாததால், எங்கள் வெயிலில் சுருங்குவது இன்னும் கெதி. எவ்வளவு சுருங்கியது என்பதை டாஷ்போர்டின் வலது ஓரத்தில் நிற்கும் சின்னக் கட்டங்கள் காட்டும். புதிதில் பன்னிரண்டு. கொள்ளளவு 85 வீதத்துக்கு வரும்போது முதலாவது கட்டம் விழும், அதன் பிறகு ஏறக்குறைய ஆறு வீதத்துக்கு ஒன்று விழும். எட்டுக் கட்டம் நிற்கிற கார் என்றால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விட்டது.

ஆனால் கட்டத்தை மட்டும் நம்பிக் காசு கொடுக்காதீர்கள். விற்கிறவர் கணினியைப் பொருத்திக் கட்டத்தைத் திரும்பப் பன்னிரண்டாக்க முடியும். கொஞ்ச நாள் ஓடிய பிறகுதான் அது உண்மையான இடத்துக்கு இறங்கும். நான் பார்த்த இரண்டாவது கார் அப்படிப்பட்டது. பன்னிரண்டு கட்டம், பளபளவென்று கழுவித் துடைத்து நின்றது. தம்பி ஸ்ரியறிங்குக்குக் கீழே இருக்கும் சொக்கெற்றில் ஒரு சின்ன புளூரூத் கருவியைச் செருகி, போனில் லீஃப் ஸ்பை செயலியைத் திறந்தான். 64 வீதம். விற்க வந்தவர் வேறு பக்கம் பார்த்தார். நாங்களும் ஒன்றும் சொல்லாமல் வந்துவிட்டோம்.

அந்தச் செயலியில் மூன்று இடத்தைப் பாருங்கள். எஸ்ஓஎச் என்று வருவது பற்றரியின் ஆரோக்கிய வீதம். அடுத்த பக்கத்தில் 96 குச்சிகள் வேலி கட்டியதுபோல வரிசையாக நிற்கும், ஒவ்வொன்றும் ஒரு சோடிக் கலம். வேலி மட்டமாக இருந்தால் நல்லது. ஒரு குச்சி மட்டும் தனியாக இறங்கி நின்றால், அந்தக் கலம்தான் முழுக் காரையும் ஒருநாள் நடுரோட்டில் நிறுத்தும். இந்தச் சோதனையைப் பற்றரி கால்வாசிக்கு இறங்கிய நேரத்தில் செய்ய வேண்டும். முழுச் சார்ஜில் பார்த்தால் கெட்ட கலமும் நல்லதுபோல நிற்கும். மூன்றாவது, வேகச் சார்ஜ் எத்தனை தரம் போட்டது என்ற எண். ஆயிரக்கணக்கில் இருந்தால் அந்தக் கார் வாடகைக்கு ஓடி உழைத்த கார், விலையை அதற்கேற்றபடி பேசுங்கள்.

என் காரில் பத்துக் கட்டம், 75 வீதம். ஓடக்கூடியது 16 யூனிற். பரந்தன் முல்லைத்தீவு ரோட்டில் 60, 65 வேகத்தில் ஏசியைக் குறைத்துப் போட்டு ஓடினால் ஒரு யூனிற்றுக்கு ஆறரைக் கிலோமீற்றர் கிடைக்கிறது. பெருக்கினால் 104. எனக்குத் தேவைப்பட்டது 102. மட்டுமட்டுத்தான், அதனால் கொஞ்சம் விலை குறைத்துத் தந்தார்கள். இன்று வாங்குவதாக இருந்தால் 30 அல்லது 40 யூனிற் பற்றரி உள்ளதற்குக் காசு சேர்ப்பேன்.

வேகத்தைப் பற்றி ஒரு சொல். எங்கள் ரோடு மட்டமானது. மலைநாட்டில் இறக்கத்தில் பற்றரிக்குத் திரும்பி ஏறுவதுபோல இங்கே ஏறாது. ஆகவே இங்கே மிச்சம் பிடிப்பதெல்லாம் கால்பெருவிரலில்தான். ஏ9இல் 90இல் போனால் என் ஆறரை ஐந்துக்குக் கீழே இறங்கிவிடும். சட்டப்படியும் 70தான்.

இனி வீட்டு வயரிங். ஆட்கள் காரைப் பற்றி நூறு கேள்வி கேட்பார்கள், இதைப் பற்றி ஒன்றும் கேட்க மாட்டார்கள். எனக்குக் கோபம் வருவது இந்த இடத்தில்தான், ஏனென்றால் வீடு எரிவது இங்கேதான். வீட்டுத்திட்ட வீடுகளில் அநேகமாக நாலு லைற், ஒரு ஃபான், ரிவிக்கு ஒரு பிளக் என்று இழுத்த வயர். குசினிப் பிளக்கில் கேற்றில் போடுவது பத்து நிமிடம். கார் அதேயளவு கறண்டை ஐந்து ஆறு மணித்தியாலம் நிறுத்தாமல் இழுக்கும். அந்தப் பிளக்கிலேயே காரையும் கொழுவலாம் என்று நினைக்காதீர்கள்.

மெயின் போட்டில் இருந்து காருக்கென்று தனி லைன் இழுங்கள். 4 சதுர மில்லிமீற்றர் வயர், அதற்கென்று தனி பிரேக்கர், 30 மில்லி அம்பியரில் விழுகிற ட்ரிப் சுவிட்ச். பிளக் பேஸ் நல்லதாக வாங்குங்கள், இதில் மிச்சம் பிடிக்க வேண்டாம். முதல் நாள் சார்ஜ் போட்டு அரை மணித்தியாலத்தில் பிளக்கைப் பிடித்துப் பாருங்கள். இளஞ்சூடு பரவாயில்லை. கையை எடுக்க வைக்கிற சூடு என்றால் உடனே நிற்பாட்டி வயரிங் செய்தவரைக் கூப்பிடுங்கள். எங்கள் வீட்டில் முதலில் போட்ட பிளக் மூன்றாம் நாளே ஒரு பக்கம் மஞ்சளாகிப் பிளாஸ்ரிக் மணம் வந்தது. கழற்றிப் பார்த்தால் உள்ளே ஒரு ஸ்குறூ முழுதாக இறுக்கப்படவில்லை. அந்தத் தளர்வு மட்டும் போதுமாக இருந்திருக்கிறது.

எர்த் வன்னியில் தனிப் பாடு. சார்ஜர் எர்த் சரியாக இல்லாவிட்டால் சிவப்பு லைற்றைக் காட்டிக்கொண்டு நிற்கும், ஒரு யூனிற்கூட ஏறாது. மாரியில் ஒழுங்காக வேலை செய்தது, ஆடி ஆவணியில் ஒருநாள் மறுத்துவிட்டது. கார் பழுது என்று நினைத்து இரண்டு நாள் தவித்தேன். பிறகுதான் விளங்கியது. எர்த் கம்பி முற்றத்தில், வெடித்துப்போன காய்ந்த மண்ணுக்குள் நிற்கிறது. ஒரு வாளி தண்ணீரை அதன் அடியில் ஊற்றிக் கால்மணித்தியாலம் பொறுத்துப் போட்டேன், பச்சை லைற் வந்தது. இப்போது கம்பியைக் கிணற்றடிக்கு மாற்றி, குளிக்கிற தண்ணீர் ஓடிப்போகிற வாழைப்பாத்தி ஓரத்தில் அடித்திருக்கிறோம். புதிதாக அடிக்கிறவர்கள் முதலிலேயே அங்கே அடியுங்கள். எர்த்தைத் துண்டித்துவிட்டு அல்லது நியூற்றலோடு முடிந்துவிட்டுச் சார்ஜரை ஏமாற்றலாம் என்று யாராவது சொன்னால் அவரை வீட்டு வயரிங்கில் கைவைக்க விடாதீர்கள். காரின் உடம்பை ஈரக்கையோடு தொடப் போவது உங்கள் பிள்ளை.

எப்போது போடுவது? இரவு பத்தரைக்குப் பிறகு. மாலை ஆறரையில் இருந்து பத்தரை வரை எல்லார் வீட்டிலும் லைற்றும் ரிவியும் பம்பும் ஓடுவதால், ரான்ஸ்போமருக்குத் தூரத்தில் இருக்கிற வீடுகளில் வோல்ற்றேஜ் இறங்கும், சார்ஜ் ஊர்ந்துதான் ஏறும். பின்னேரம் இரண்டரைக்கு வெயிலுக்குள்ளால் வந்த காரின் பற்றரியும் அந்த நேரத்துக்குள் ஆறிவிடும். 10 அம்பியரில் எனக்கு அன்றாடம் குறைகிற 11 யூனிற்றையும் ஏற்ற ஐந்தரை மணித்தியாலம் பிடிக்கிறது. பத்தரைக்குப் போட்டால் விடிய நாலுக்கு முடியும், ஏழுக்கு முன் புறப்படுகிறேன். முழுச் சார்ஜோடு வெயிலில் நாள்கணக்கில் விடுவதுதான் பற்றரிக்கு ஆகக் கூடாதது. லீவு நாள் என்றால் பாதியில் விடுங்கள். பள்ளிக்கூடத்தில் வேப்பமர நிழலைப் பிடிக்க நான் கால்மணி முந்திப் போகிறேன்.

பில்லைப் பற்றியும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். சார்ஜ் ஏறும்போது கொஞ்சம் சூடாகப் போய்விடுவதால் 11 யூனிற் ஏற்ற மீற்றரில் பன்னிரண்டரை ஓடும். பள்ளிக்கூட நாள் 21 என்றால் மாதம் 260க்கு மேல். வீட்டுக் கட்டணத்தில் 180ஐத் தாண்டியதும் ஆகக் கூடிய விலைக்குப் போய்விடுவீர்கள், வீட்டுச் செலவு யூனிற்றையும் சேர்த்துக் கணக்குப் பாருங்கள். கூரையில் சோலார் பூட்டினால் பாரம் குறையும். ஆனால் மின்சார சபை லைனோடு சேர்த்துப் பூட்டுகிற சாதாரண சோலார், ஊரில் கறண்ட் நின்றால் தானும் நின்றுவிடும் என்பதைத் தெரிந்துகொண்டு பூட்டுங்கள்.

கறண்ட் நிற்கும்தான். 2022 பங்குனி கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் நின்றது. அதே வருடம் பெற்றோலைப் பங்கிட்டுத் தருகிற கியூஆர் முறை வர முன் பெற்றோல் செற்றில் ஸ்கூட்டியோடு இரவு முழுக்க நின்றவள் நான். இரண்டிலும் நின்று பார்த்தபடியால் சொல்கிறேன்: மழைக்காலத்தில் பற்றரியைப் பாதிக்குக் கீழே விட்டுவிட்டு இரவு படுக்காதீர்கள், அதுதான் உங்கள் சேமிப்புக் கான்.

ஒருநாள் இந்தக் கணக்கை நானே மீறினேன். பள்ளிக்கூடம் முடிய முல்லைத்தீவில் ஒரு செத்தவீடு. போகாமல் இருக்க ஏலாது. புதுக்குடியிருப்பில் இருந்து போய்வர இன்னொரு 40 கூடும், 112 வரும், என் கார் 104. கொப்பியைத் திறக்காமலே போனேன். திரும்பும்போது உடையார்கட்டில் மஞ்சள் லைற். விசுவமடு வர, எத்தனை கிலோமீற்றர் மிச்சம் என்று காட்டுகிற எண் மறைந்து மூன்று கோடு வந்தது. அடுத்ததாக வருவது ஒரு ஆமைப் படம். அது வந்தால் கார் ஊரும், பிறகு நிற்கும். வீட்டுக்கு இன்னும் 20.

ரோட்டோரம் ஒரு வீட்டுப் படலையைத் தட்டினேன். "அண்ணை, கார் கறண்டில ஓடுறது. ரண்டு மணித்தியாலம் ஒரு பிளக் தருவியளோ?" அவர் காரையும் என்னையும் பார்த்துவிட்டு, "உள்ள வாங்கோ பிள்ளை, மழை வரப்போகுது" என்றார். பம்ப் மோட்டருக்குப் போட்டிருந்த பிளக் ஒன்று இருந்தது, அதைத்தான் கேட்டு வாங்கினேன், வீட்டுக்குள் இருப்பதைத் தொடவில்லை. இரண்டு மணித்தியாலத்தில் நாலு யூனிற், அது 26 கிலோமீற்றர். தேத்தண்ணி தந்தார்கள். காசை நீட்ட அக்கா கையைப் பின்னால் கட்டிக்கொண்டா. அடுத்த கிழமை ஒரு வாழைக்குலையோடு போனேன். நீங்களும் இப்படிக் கேட்க நேர்ந்தால் அரிசி மில், வெல்டிங் கடை, பம்ப் உள்ள தோட்ட வீடு என்று தடித்த வயர் இருக்கிற இடமாகப் பாருங்கள். உங்கள் சார்ஜரை ஆகக் குறைந்த அம்பியரில் வையுங்கள். எக்ஸ்ரென்சன் வயர் சுருளாக இருந்தால் முழுவதையும் விரித்துவிட்டுப் போடுங்கள், சுருளுக்குள் சூடு ஏறி உருகும்.

2025 மாசியில் இறக்குமதித் தடை எடுபட்ட பிறகு புதுச் சீனக் கார்கள் வரத் தொடங்கிவிட்டன. காசு உள்ளவர்களுக்கு அது நல்லது, தூரக் கவலை பாதி போய்விடும். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: ஜப்பான் லீஃபின் வேகச் சார்ஜ் வாய் சாடெமோ, புதியவற்றில் வருவது சிசிஎஸ்2. ஒன்றின் வயர் மற்றதுக்குக் கொழுவாது. யாழ்ப்பாணமோ வவுனியாவோ போய் வேகச் சார்ஜ் போடலாம் என்று திட்டமிட்டால் முதல்நாளே போன் எடுத்து இரண்டு கேள்வி கேளுங்கள்: எந்த வாய், இன்றைக்கு வேலை செய்கிறதா.

சில்லறை விசயங்களும் இருக்கின்றன. லீஃபில் மேலதிக ரயர் வராது, ஒட்டுப்பசைதான் தருவார்கள். கிறவல் ரோட்டில் ரயர் பக்கவாட்டில் வெடித்தால் பசை ஒன்றும் செய்யாது, ஒரு ரயரும் ஜக்கும் டிக்கியில் போடுங்கள். பெரிய பற்றரி நிறைந்திருந்தாலும் முன்னுக்கு இருக்கிற சின்ன 12 வோல்ற் பற்றரி செத்தால் கார் எழும்பாது. அதைக் காலத்துக்கு மாற்றுங்கள். பற்றரி முழுக்க வயிற்றுக்குக் கீழே இருப்பதால் வெள்ளம் பாய்கிற ரோட்டில் இறக்கவே வேண்டாம். 2018 மார்கழியில் இரணைமடு வான்கதவு திறந்த நாட்களைப் பார்த்தவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

பிறகு மாடுகள். மழைக்காலத்து இரவுகளில் தார் ரோட்டின் சூட்டுக்கு வந்து படுத்திருக்கும். லொறிச் சத்தத்துக்கு எழும்பி விலகிப் பழகியவை, இந்தக் கார் வருவது அவற்றின் காதில் விழாது. தருமபுரம் தாண்டி ஒருநாள் ஐந்தடி முன்னால் வந்து நிற்கும்வரை ஒரு தாய்ப்பசு அசைபோட்டுக்கொண்டே இருந்தது, பக்கத்தில் கன்று. இருட்டில் 40க்கு மேல் போகாதீர்கள், தூரத்திலேயே லைற்றை மேலும் கீழும் அடியுங்கள். கோன் அடித்தால் கன்று மிரண்டு எந்தப் பக்கம் பாயும் என்று சொல்ல ஏலாது. இறங்கி, கையைத் தட்டி, அது எழும்பும் மட்டும் நில்லுங்கள். நிற்கிற நேரத்துக்கு இந்தக் கார் ஓட்டத்துக்கென்று ஒன்றும் குடிக்காது.