நியூ ஜெர்சிக்குக் குழந்தையோடு வருகிறீர்களா? தடுப்பூசி அட்டையை முதலில் எடுங்கள்

வீடு பார்ப்பது, சோஷியல் செக்யூரிட்டி எண், கார், லைசென்ஸ் என்று முதல் மாதம் ஓடியே போய்விடும். ஆனால் பிள்ளைகளோடு வருபவர்கள் இதற்கெல்லாம் முன்னால் எடுத்து வைக்க வேண்டியது ஊரில் கொடுத்த தடுப்பூசி அட்டை. அதைச் செக்-இன் பெட்டியில் போடாதீர்கள், கைப்பையில் வையுங்கள், போட்டோவும் எடுத்துக்கொள்ளுங்கள். தேதி மங்கியிருந்தாலோ எழுத்து கிறுக்கலாக இருந்தாலோ கிளம்பும் முன்பே டாக்டரிடம் சொல்லி ஆங்கிலத்தில் தெளிவாக எழுதி, கையெழுத்தும் முத்திரையும் வாங்கிவிடுங்கள்.

பள்ளியில் சேர என்னென்ன ஊசி போட்டிருக்க வேண்டும் என்பது இங்கே மாநில சுகாதாரத் துறையின் விதி. பள்ளி நர்ஸ் ஒவ்வொரு தேதியாகச் சரிபார்ப்பார். வெளிநாட்டிலிருந்து வரும் பிள்ளைகளுக்குப் பழைய பதிவுகளைக் கொண்டுவர 30 நாள் வரை அவகாசம் கொடுக்க விதியில் இடமுண்டு, கேளுங்கள்.

நம்மவர்கள் அதிகம் குழம்புவது தட்டம்மை ஊசியில்தான். நம் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் 9 மாதத்தில் போடும் எம்.ஆர். (தட்டம்மை, ரூபெல்லா) ஊசி இங்கே பள்ளிக் கணக்கில் சேராது, முதல் பிறந்தநாளுக்குப் பிறகு போட்டதைத்தான் எண்ணுவார்கள். அதோடு எம்.ஆரில் பொன்னுக்குவீங்கிக்கான மருந்து கிடையாது, இங்கே அதுவும் வேண்டும். ஆகவே அட்டையில் இரண்டு டோஸ் இருந்தாலும் எம்.எம்.ஆர். (தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ரூபெல்லா மூன்றுக்கும் சேர்ந்த ஊசி) போடச் சொல்வார்கள். சின்னம்மை ஊசி நம் அரசு அட்டவணையிலேயே இல்லை, தனியாரிடம் போட்டிருந்தால்தான் உண்டு. 2016 ஏப்ரல் முதல் கொடுத்த போலியோ சொட்டு மருந்தையும் எண்ணமாட்டார்கள். "எல்லாம் போட்டாச்சே" என்று நர்ஸிடம் மல்லுக்கு நிற்க வேண்டாம். இந்த ஊசிகளில் ஒரு டோஸ் கூடுதலாகப் போவதால் குழந்தைக்குக் கெடுதல் இல்லை.

இவ்வளவு கண்டிப்பு எதற்கு என்று தோன்றினால் 2025-ல் டெக்சாஸில் நடந்ததைப் பாருங்கள். ஜனவரியில் தொடங்கி ஆகஸ்டில்தான் ஓய்ந்தது, 762 பேருக்குத் தட்டம்மை, பள்ளி வயதுக் குழந்தைகள் இருவர் இறந்துபோனார்கள், இருவருமே ஊசி போடாதவர்கள். நோயாளி அறையை விட்டுப் போன பிறகும் இரண்டு மணி நேரம் வரை அந்தக் காற்றில் கிருமி இருக்கும். உங்கள் குழந்தைக்குப் போடும் ஊசி, இன்னும் ஒரு வயது ஆகாத பக்கத்து வீட்டுக் குழந்தைக்கும் காவல்.

காசநோய்ப் பரிசோதனையும் கேட்கலாம். நம் பிள்ளைகளுக்கு பி.சி.ஜி. என்ற காசநோய்த் தடுப்பூசி போட்டிருப்பதால் தோல் பரிசோதனையில் நோய்த்தொற்று இல்லாமலே தடிப்பு வரலாம், அதனால் பி.சி.ஜி. போட்ட விஷயத்தை முதலிலேயே சொல்லி, ரத்தப் பரிசோதனை செய்ய முடியுமா என்று டாக்டரிடம் கேளுங்கள். டேகேர், ப்ரீஸ்கூல் போகும் சின்னதுகளுக்கு (6 மாதம் முதல் 59 மாதம் வரை) ஒவ்வொரு வருடமும் டிசம்பர் 31-க்குள் ஃப்ளூ ஊசி கட்டாயம்.

அப்புறம் காரீயம், அதாவது லெட் (lead) என்ற நச்சு உலோகம். இதைப் பற்றி நம் வீடுகளில் பேச்சே இல்லை என்பது எனக்குப் பெரிய கவலை. நியூ ஜெர்சியில் எல்லாக் குழந்தைகளுக்கும் 12 மாதத்திலும் 24 மாதத்திலும் ரத்தத்தில் காரீயம் பார்க்க வேண்டும். அளவு கூடியிருந்தால் உள்ளூர் சுகாதாரத் துறையிலிருந்து வீட்டுக்கே வந்து எங்கிருந்து வருகிறது என்று தேடுவார்கள். வந்தவர்களிடம் எதையும் மறைக்காதீர்கள். பாட்டி கொண்டுவந்த கண்மை, உதிரியாக வாங்கிய மஞ்சள்தூள், நாட்டு மருந்து, ஈயச் சொம்பு, பித்தளைப் பாத்திரம் எல்லாவற்றையும் எடுத்துக் காட்டுங்கள். ரசம் வைக்கும் ஈயச் சொம்பு வெள்ளீயத்தில்தான் செய்ய வேண்டும், ஆனால் காரீயம் கலந்திருந்தால் கண்ணால் பார்த்துச் சொல்லவே முடியாது. இறக்குமதியான சில பித்தளை, அலுமினிய, ஹிண்டாலியம் பாத்திரங்களிலிருந்து காரீயம் கசிவதாக 2025-ல் அமெரிக்க உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ.வும் எச்சரித்தது. குழந்தை இருக்கும் வீட்டில் சமையலுக்கு எவர்சில்வரே போதும்.

வாடகை வீடு 1978-க்கு முன் கட்டியதா என்றும் கேளுங்கள். அந்தக் காலப் பெயின்டில் காரீயம் உண்டு, ஜன்னல் சட்டத்தில் உரிந்த துகள் தவழும் குழந்தையின் கை வழியாக வாய்க்குப் போகும். அப்படிப்பட்ட பெரும்பாலான வாடகை வீடுகளுக்குக் காரீயப் பெயின்ட் ஆய்வு மாநிலச் சட்டப்படி கட்டாயம், சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள், கேட்பதில் தயக்கமே வேண்டாம்.

இன்சூரன்ஸ் இன்னும் வரவில்லை என்று ஊசியைத் தள்ளிப்போடாதீர்கள். இன்சூரன்ஸ் இல்லாத பிள்ளைகளுக்கு 18 வயது வரை வி.எஃப்.சி. (Vaccines for Children) என்ற அரசுத் திட்டத்தில் தடுப்பூசி மருந்து இலவசம். வருமானம் குறைவு என்றால் நியூ ஜெர்சி ஃபேமிலிகேர் என்ற அரசு மருத்துவக் காப்பீடு இருக்கிறது, 19 வயதுக்குக் கீழ் இருந்தால் விசா நிலை என்ன என்பதை வைத்து மறுப்பதில்லை. உங்கள் ஊரின் சுகாதாரத் துறைக்கு போன் போட்டு எந்த கிளினிக்கில் போடுகிறார்கள் என்று கேளுங்கள். ஆங்கிலம் தடுமாறினால் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று சொல்லுங்கள்.