ஆண்டு விழா வீடியோ ஆவணப்படம் ஆகாது: பள்ளிக் கலை மன்றத்தைப் படமாக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பள்ளிக் கலை மன்றத்தைப் பற்றி ஐந்து நிமிட ஆவணப்படம் எடுக்கச் சொன்னால், பெரும்பாலான மாணவர் குழுக்கள் ஒரே படத்தைத்தான் எடுத்துக்கொண்டு வருகின்றன. பள்ளி வாசல், பெயர்ப்பலகை, தலைமை ஆசிரியரின் பாராட்டுரை, மேடையில் நடனம், கைதட்டல், கோப்பையோடு குழுப் படம், பின்னணியில் மெல்ல மெல்ல ஏறும் இசை. பெயர்ப்பலகையை மட்டும் மாற்றிவிட்டால் வேறு எந்தப் பள்ளிக்கும் அது அப்படியே பொருந்தும்.

கேமராவைக் குறை சொல்லிப் பயனில்லை. கையில் இருக்கும் சாதாரண ஸ்மார்ட்போனே இந்த வேலைக்குப் போதும். கோளாறு வேறிடத்தில் இருக்கிறது: மேடையையே மன்றம் என்று நினைத்துக்கொள்கிறோம். மேடையில் தெரிவது மன்றத்தின் கடைசிப் பத்து நிமிடம். அதற்கு முந்தைய வாரங்களில் நடந்ததுதான் மன்றம். யாருக்கு எந்த வேடம் என்ற மனத்தாங்கல், ஒருவர் வராததால் நின்றுபோன ஒத்திகை, தாளம் பிடிபடாமல் திரும்பத் திரும்ப ஆடிப் பார்க்கும் ஒரே ஒரு அடி, மேடைப் பக்கமே வராமல் மூலையில் உட்கார்ந்து எல்லோருக்கும் உடை தைக்கும் மாணவி. கீழே வரும் தவறுகளில் பாதி இந்த ஒரு குழப்பத்திலிருந்து பிறப்பவைதான்.

தலைப்பை மட்டும் வைத்துக்கொண்டு கிளம்புவது

"எங்கள் கலை மன்றம்" என்பது தலைப்பு. அதை வைத்துக் கட்டுரை எழுதிவிடலாம், படம் எடுக்க முடியாது. படத்துக்கு ஒரு கேள்வி வேண்டும். பார்க்கிறவர் அதன் பதிலுக்காகக் காத்திருக்க வேண்டும். "முதல்முறையாக மையப் பாத்திரம் ஏற்கும் ஏழாம் வகுப்பு மாணவி ஆறு வாரத்தில் தயாராகிவிடுவாளா?" என்பது கேள்வி. "பாடவே வராத ஒருவன் பாட்டுக் குழுவின் ஒத்திகைக்கு ஏன் ஒரு நாள் விடாமல் வருகிறான்?" என்பது அதைவிட நல்ல கேள்வி, ஏனென்றால் எடுக்கிற நமக்கே பதில் தெரியாது. கேள்வி கிடைத்துவிட்டால் எதை எடுப்பது, எதை விடுவது என்ற தகராறு பெரும்பாலும் தானாகவே தீர்ந்துவிடும்.

அப்புறம், எல்லோரையும் படத்தில் கொண்டுவந்துவிடுவது. மன்றத்தில் முப்பது பேர் இருப்பார்கள். ஒருவரை விட்டால் இன்னொருவர் கோபித்துக்கொள்வார் என்று ஆளுக்கு ஒரு வரி பேச வைப்பார்கள். முடிவில் ஒருவர் முகமும் மனதில் நிற்காது. ஐந்து நிமிடத்தில் பார்வையாளர் இரண்டு பேரை நன்றாகத் தெரிந்துகொள்ளலாம், மூன்றாவது நபரை ஓரளவு. நட்பா படமா என்ற இக்கட்டு மாணவர் படங்களுக்கே உரியது, அதைத் தள்ளிப்போட வேண்டாம். யார் முதன்மை நபர், ஏன் என்று படப்பிடிப்புக்கு முன்பே மன்றத்தின் முன் சொல்லிவிடுங்கள். மற்றவர்கள் ஒத்திகைக் காட்சிகளில் வருவார்கள், பெயர்ப் பட்டியலில் வருவார்கள்.

நிகழ்ச்சிக்கு முந்தைய நாள் கேமராவைத் தூக்கிக்கொண்டு போவது இதே வகைத் தவறு. மேடை நிகழ்ச்சியை அடுத்த ஆண்டும் எடுக்கலாம். முதல் ஒத்திகையின் தடுமாற்றம் திரும்ப வராது. முதல் ஒன்றிரண்டு முறை கேமராவைக் கொண்டுபோய்ச் சும்மா வைத்துக்கொண்டு உட்காருங்கள். போஸ் கொடுத்துக் கொடுத்து அலுத்த பிறகுதான் அவர்கள் கேமராவை மறப்பார்கள். உங்களுக்கு வேண்டியது அதற்குப் பிறகுதான் கிடைக்கும்.

"இன்னொரு தடவை அதே மாதிரி சிரிங்க"

நல்ல தருணம் ஒன்று கை நழுவிவிட்டது, மறுபடி செய்யச் சொல்லலாமா? இந்தக் கேள்வி ஆவணப்படத்தோடு கூடவே பிறந்தது. அமெரிக்க இயக்குநர் ராபர்ட் ஃபிளாஹெர்ட்டி, கனடாவின் வடக்கில் வாழும் இனுயிட் குடும்பம் ஒன்றைப் பற்றி 1922-ல் வெளியிட்ட 'நானூக் ஆஃப் த நார்த்' ஆவணப்படத்தில், பனிவீட்டுக்குள் கேமராவுக்கு வெளிச்சம் போதவில்லை என்று ஒரு பக்கம் திறந்த பனிவீட்டைக் கட்ட வைத்து, அதில் குடும்பம் தூங்கி எழுவதுபோல் எடுத்தார். அது சரியா என்று நூறு ஆண்டுகள் கழித்தும் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள்.

மாணவர் படத்துக்கு நான் வைத்துக்கொள்ளும் கோடு எளிது. கதவைத் திறந்து உள்ளே வருவதையோ உடைப் பெட்டியைப் பிரிப்பதையோ மறுபடி செய்யச் சொல்லலாம். அழுததையும் சண்டை போட்டதையும் தோற்ற செய்தி கேட்ட முகத்தையும் மறுபடி செய்யச் சொல்லக் கூடாது. அப்படிச் செய்தால் அது நடிப்பு. கலை மன்றப் பிள்ளைகள் அதை நன்றாகவே நடித்தும் விடுவார்கள் என்பதுதான் ஆபத்து. தவறிப்போன தருணத்தைப் பற்றி அவரையே பேச வையுங்கள். பல சமயம் காட்சியைவிட அந்தப் பேச்சு நன்றாக அமைந்துவிடும்.

பேட்டி என்றாலே உரை என்று நினைப்பது

"மன்றத்தில் சேர்ந்தது உங்களுக்குப் பயனாக இருந்ததா?" என்று கேட்டால் "ஆமாம், மிகவும் பயனாக இருந்தது" என்றுதான் பதில் வரும். கேள்விகளை முந்தின நாளே எழுதிக் கொடுத்தால் இன்னும் மோசம், மனப்பாடம் செய்துகொண்டு வந்து ஒப்பிப்பார்கள். என்ன பேசப்போகிறோம் என்று மட்டும் சொல்லி வையுங்கள். கேள்வியை ஒரு சம்பவத்தின் மேல் வையுங்கள்: "போன வாரம் ஒத்திகையைப் பாதியில் விட்டுப் போனாயே, என்ன நடந்தது?"

பதில் முடிந்ததும் உடனே அடுத்த கேள்விக்குத் தாவாதீர்கள். மூன்று நான்கு விநாடி பேசாமல் இருங்கள். அந்த மௌனத்தை நிரப்ப அவர் சொல்லும் அடுத்த வாக்கியம்தான் பெரும்பாலும் படத்தில் நிற்கும். நடுவில் "ம்ம்", "சரி சரி" என்று நீங்கள் போடும் சத்தமும் பதிவாகும், எடிட்டிங்கில் அதை வெட்டி எடுக்க முடியாது. தலையை மட்டும் ஆட்டுங்கள். உங்கள் குரல் படத்தில் வராது என்றால், கேள்வியையும் சேர்த்துப் பதில் சொல்லச் சொல்லுங்கள். "எப்போது சேர்ந்தாய்?" என்றதற்கு "போன வருஷம்" என்று வரும் பதில் தனியாக நிற்காது. "நான் போன வருஷம் சேர்ந்தேன்" என்பது நிற்கும்.

யாரும் கவனிக்காத ஒன்று: பொறுப்பாசிரியர் அதே அறையில் நின்றால் மாணவர்களின் பதில் மாறிவிடும். அவர் கெட்டவர் என்று இல்லை, பிள்ளைகள் தாமாகவே நல்ல பிள்ளைகளாகிவிடுவார்கள். அவரைத் தனியாக, வேறு நேரத்தில் எடுங்கள்.

ஒலியைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்பது

மாணவர் படங்களைக் கெடுப்பதில் முதல் இடம் இதற்குத்தான். படம் கொஞ்சம் ஆடினால், கொஞ்சம் இருண்டால் மன்னித்துவிடுவார்கள். பேசுவது புரியவில்லை என்றால் அரை நிமிடத்தில் கவனம் போய்விடும்.

அடிப்படை இதுதான்: மைக்குக்கும் வாய்க்கும் உள்ள தூரம் இரட்டிப்பானால் நேரடிக் குரல் ஏறத்தாழ 6 டெசிபல் (ஒலி அளவைக் குறிக்கும் அலகு) குறையும், ஆனால் அறையின் எதிரொலியும் மின்விசிறிச் சத்தமும் அப்படியே இருக்கும். அதனால் மூன்று மீட்டர் தள்ளி நிற்கும் போனில் பதிவான பேச்சு கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்கிறது. காலர் மைக் இருந்தால் நெஞ்சருகே மாட்டுங்கள். இல்லையா, இன்னொரு போனில் குரல் பதிவுச் செயலியைத் திறந்து, பேசுகிறவரின் சட்டைப் பையிலோ, படத்தில் தெரியாமல் அருகிலேயோ வையுங்கள். தொடக்கத்தில் கேமரா முன் ஒரு முறை கை தட்டினால், பிறகு படத்தையும் ஒலியையும் பொருத்துவது எளிது. இரண்டு போனையும் விமான நிலையில் போட மறக்க வேண்டாம்.

இங்கே ஒரு தொழில்நுட்பச் சிக்கலும் உண்டு. பல போன்கள் வெளிச்சத்துக்கு ஏற்ப ஃபிரேம் எண்ணிக்கையை, அதாவது விநாடிக்கு எத்தனை படங்கள் என்பதை, ஏற்றி இறக்கிப் பதிவு செய்யும். சில எடிட்டிங் மென்பொருள்களில் இதனால் முதல் நிமிடத்தில் உதடும் ஒலியும் பொருந்தி, பத்தாவது நிமிடத்தில் விலகிப் போகும். ஹேண்ட்பிரேக் போன்ற இலவச மென்பொருளில் மாறா ஃபிரேம் வேகத்துக்கு மாற்றிவிட்டு எடிட்டிங்கைத் தொடங்கினால் இந்தத் தொல்லை இருக்காது.

பதிவு அளவைக் காட்டும் மீட்டர் இருந்தால், பேச்சின் உச்சம் -12 முதல் -6 டெசிபல் வரை இருக்கட்டும். 0-ஐத் தொட்டு உடைந்த ஒலியை ஒழுங்காக மீட்க வழியில்லை. ஒத்திகையில் பேசிக்கொண்டிருப்பவர் திடீரென்று கத்திப் பாடுவார், அதற்கும் இடம் விடுங்கள். பேட்டி முடிந்ததும் எல்லோரும் அசையாமல் நிற்க, வெறும் அறையின் ஒலியை அரை நிமிடம் பதிவு செய்யுங்கள். வெட்டிய இடங்களில் ஒட்டுத் தெரியாமல் அடியில் போட அது உதவும். ஹெட்போன் மாட்டாமல் ஒலிப்பதிவு செய்வது கண்ணை மூடிக்கொண்டு படம் பிடிப்பதற்குச் சமம்.

படம் பிடிப்பதில் சில

ஒரு ஷாட்டை மூன்று விநாடியில் நிறுத்திவிட்டு அடுத்ததற்கு ஓடாதீர்கள். பத்து விநாடியாவது அசையாமல் பிடியுங்கள். டிஜிட்டல் ஜூம் வேண்டாம், நடந்து கிட்டே போங்கள். ஆடுகிறவரின் முகத்தை மட்டும் எடுத்துவிட்டுத் திரும்பினால் எடிட்டிங்கில் வெட்டிப் போட எதுவுமே இருக்காது. கால், கை, தரையில் ஒட்டிய அடையாள டேப், ஓரமாக நின்று பார்க்கிறவரின் முகம், சுவர்க் கடிகாரம் எல்லாம் வேண்டும்.

மேடை விளக்கில் தானியங்கி அமைப்பை நம்பினால் இருண்ட பின்னணியைப் பார்த்து வெளிச்சத்தைக் கூட்டி, முகத்தை வெள்ளைத் திட்டாக்கிவிடும். போன் திரையில் முகம் தெரியும் இடத்தில் விரலை அழுத்திப் பிடித்து வெளிச்ச அளவைப் பூட்டுங்கள். சில விளக்குகளில் படம் துடிப்பது ஷட்டர் வேகத்தால், அதாவது ஒவ்வொரு ஃபிரேமுக்கும் கேமரா ஒளியை உள்ளே விடும் நேரத்தால். மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் உள்ள இடத்தில் 1/50 அல்லது 1/100 விநாடி, 60 ஹெர்ட்ஸ் என்றால் 1/60 அல்லது 1/120 வைத்தால் பெரும்பாலும் நின்றுவிடும். சேமிப்பிடத்தையும் முன்பே கணக்குப் போடுங்கள். போனையும் பதிவு வடிவத்தையும் பொறுத்து, 1080 தரத்தில் ஒரு மணி நேரப் பதிவே 4 முதல் 8 ஜிபி வரை எடுத்துக்கொள்ளும். அன்றன்றைய பதிவை அன்றைக்கே இரண்டு இடத்தில் நகலெடுத்த பிறகுதான் போனிலிருந்து அழிக்க வேண்டும்.

அனுமதியை நண்பர்களுக்குள் விட்டுவிடுவது

"அவன் ஒன்றும் சொல்ல மாட்டான்" என்பது அனுமதி ஆகாது. படத்தில் வருகிறவர்கள் சிறுவர்கள். பெற்றோரின் எழுத்து மூல ஒப்புதல் வேண்டும். அதில் படம் எங்கெல்லாம் காட்டப்படும் என்பதும் இருக்க வேண்டும். பள்ளி அரங்கில் காட்டச் சம்மதித்தவர் இணையத்தில் போடச் சம்மதித்துவிட்டார் என்று எடுத்துக்கொள்ள முடியாது. முழுப் பெயர், வகுப்பு, பள்ளிச் சின்னம் மூன்றும் சேர்ந்து இணையத்துக்குப் போனால் ஒரு சிறுவரை யாரும் தேடிப் பிடித்துவிடலாம், அதனால் திரையில் முதல் பெயர் போதும். உடை மாற்றும் அறைக்குள் கேமரா போகவே கூடாது. ஒருவர் தடுமாறுவதையோ அழுவதையோ வைத்திருந்தால், வெளியிடுமுன் அவரிடம் போட்டுக் காட்டுங்கள். வேண்டாம் என்றால் எடுத்துவிடுங்கள், அந்தக் காட்சி எவ்வளவு நன்றாக இருந்தாலும் சரி.

பாட்டிலும் இதே அலட்சியம்தான். "எங்கள் பிள்ளைகள்தானே பாடினார்கள்" என்பார்கள். பாடியவர் யாராக இருந்தாலும், பாடலின் வரியும் மெட்டும் வேறொருவருடையதாக இருக்கலாம்; பதிவுக்கு உள்ள உரிமை அதிலிருந்து தனி. கிரியேட்டிவ் காமன்ஸ் இசை (உரிமையாளரே சில நிபந்தனைகளோடு பிறர் பயன்படுத்த அனுமதித்தது) என்றாலும் உரிமத்தைப் படித்துப் பாருங்கள். மாற்றியமைக்கத் தடை உள்ள வகையைப் படத்தோடு இணைக்கவே முடியாது, ஏனென்றால் இசையைக் காட்சியோடு பொருத்துவதே மாற்றியமைப்பதாகத்தான் கொள்ளப்படுகிறது. மன்றத்திலேயே வாசிக்கத் தெரிந்தவர் இருப்பார், அவரைச் சொந்தமாக ஒன்று வாசிக்கச் சொல்வதை விட்டுவிட்டு எங்கெங்கோ தேடுவானேன்?

எடிட்டிங் மேசையில்

எடிட்டிங் மென்பொருளில் காட்சிகளை வரிசைப்படுத்தும் டைம்லைனைத் திறப்பதற்கு முன் பேட்டிகளைத் தாளில் எழுதுங்கள். அலுப்பான வேலைதான். ஆனால் எந்த வாக்கியம் கேள்வியைத் தொடுகிறது, எது வெறும் பாராட்டு என்பது எழுத்தில்தான் சட்டென்று தெரியும். பாராட்டை அடித்துவிடுங்கள்.

மன்றம் எந்த ஆண்டு தொடங்கியது, எத்தனை பரிசு வாங்கியது என்ற பின்னணிக் குரலோடு படம் ஆரம்பித்தால், கேட்கிறவர் கேட்பதற்கு முன்பே பதில் சொல்கிறீர்கள். ஒத்திகையின் நடுவிலிருந்து தொடங்குங்கள். வரலாறு வேண்டும்போது பழைய வருகைப் பதிவேட்டையோ மங்கிய புகைப்படத்தையோ யாராவது புரட்டட்டும். திரையில் ஆடிக்கொண்டிருக்கும்போது "மாணவர்கள் ஆடுகிறார்கள்" என்று சொல்லும் பின்னணிக் குரலை மொத்தமாக எடுத்துவிடலாம். பேசுகிறவரின் முகத்தையே காட்டிக்கொண்டிருக்காமல், அவர் குரல் தொடர, அவர் சொல்லும் ஒத்திகைக்குப் போங்கள். அடுத்த காட்சியின் ஒலி, படத்துக்கு அரை விநாடி முன்பே வந்தால் வெட்டு உறுத்தாது. பக்கம் புரளும், நட்சத்திரம் தெறிக்கும் மாற்றங்கள் எதுவும் தேவைப்படாது.

முதல் வெட்டு முடிந்ததும், மன்றத்தைப் பற்றி ஒன்றும் தெரியாத ஒருவருக்குப் போட்டுக் காட்டி, எங்கே போனை எடுத்துப் பார்க்கிறார் என்று மட்டும் கவனியுங்கள். அந்த இடத்தைக் குறைக்க வேண்டும். போட்டிக்கு அனுப்புவதென்றால், பெயர்ப் பட்டியலும் கால அளவில் அடக்கமா என்று விதிமுறையில் பாருங்கள். பெயர்களின் எழுத்தை அந்தந்த நபரிடமே காட்டிச் சரிபாருங்கள். திரையிடலுக்கு முந்தைய நாள் அதே அரங்கில், அதே ப்ரொஜெக்டரிலும் ஸ்பீக்கரிலும் ஒரு முறை ஓட்டிவிடுங்கள். மடிக்கணினித் திரையில் பளிச்சென்று தெரிந்த இருட்டுக் காட்சி ப்ரொஜெக்டரில் ஒன்றுமே தெரியாமல் போகலாம். அதைத் திருத்தி மறுபடி எக்ஸ்போர்ட் செய்ய ஓர் இரவாவது கையில் இருக்க வேண்டும்.