எந்த சி? எந்த டி? காற்றுக்கருவி வாசிப்பவர்கள் ஸ்தாயி எண்ணில் செய்யும் தவறுகள்

"கீழ் டி வாசி" என்றால் ஃப்ளூட் வாசிப்பவர் டி4 வாசிப்பார். டின் விசில் (சிறிய உலோகக் குழல்) வைத்திருப்பவருக்குக் கீழ் டி என்பது டி5. அதனால்தான் ஸ்வரத்தின் எழுத்தோடு, அது எந்த ஸ்தாயி என்று காட்டும் எண்ணும் தேவைப்படுகிறது. பியானோவின் நடு சி, சி4. சுருதி சேர்க்க எடுக்கும் 440 ஹெர்ட்ஸ் ஏ, ஏ4. இந்த இரண்டும் மனதில் நின்றால் போதும், மற்றதை எண்ணிப் பிடித்துவிடலாம்.

எண்ணும்போது பலர் ஏ-யில் எண்ணை மாற்றிவிடுகிறார்கள். அது மாறுவது சி-யில். பி3-க்கு அடுத்தது சி4. ஏ4 அதற்கும் மேலே. கர்நாடக சங்கீதம் பழகியவர்கள் ஸ-வில் மாற்றுவார்கள், ஸ்தாயி அங்கேதானே தொடங்குகிறது! ஆனால் ஐந்து கட்டையில் ஸ என்பது ஜி. அந்த ஸ ஜி4 என்றால் சுத்த மத்திமத்திலேயே சி5 வந்துவிடும்.

அதிகம் குழப்புவது, தாளில் எழுதிய ஸ்வரமும் காதில் விழும் ஸ்வரமும் வேறாக இருப்பது. ஆல்டோ சாக்ஸபோனில் தாளைப் பார்த்து ஏ4 வாசித்தால் ட்யூனர் (சுருதி காட்டும் கருவி) சி4 காட்டும். புதிதாகக் கற்கும் பிள்ளை விரல் தப்பு என்று பயந்துபோகும். விரலும் சரி, ட்யூனரும் சரி. கருவி ஈ ஃபிளாட்டில் அமைந்தது, அதாவது எழுதிய சி அதில் ஈ ஃபிளாட்டாக ஒலிக்கும், அவ்வளவுதான். பி ஃபிளாட் கிளாரினெட்டில் எழுதிய சி5, பி ஃபிளாட் 4 ஆக ஒலிக்கும். டெனர் சாக்ஸில் அதே சி5, பி ஃபிளாட் 3. பிக்கலோ என்ற சிறிய ஃப்ளூட் எழுதியதற்கு ஒரு ஸ்தாயி மேலே ஒலிக்கும். ஆகவே எண்ணைச் சொல்லும்போது எழுதியதா, ஒலிப்பதா என்றும் சேர்த்துச் சொல்லுங்கள். கூட்டாக வாசிக்கும் ஒத்திகையில் இதைச் சொல்லாமல் விட்டால் அரை மணி நேரம் வீணாகும்.

கிளாரினெட்டுக்கு இன்னொரு தனிக் குணம் உண்டு. ஃப்ளூட்டில் ஈ4 விரலமைப்பிலேயே ஈ5 கிடைக்கும். கிளாரினெட்டில் ரெஜிஸ்டர் கீயை (மேல் ஸ்வரங்களுக்குத் தாவ வைக்கும் சாவியை) அழுத்தினால் ஒரு ஸ்தாயி ஏறாது, பன்னிரண்டாம் ஸ்வரத்துக்குத் தாவும். எழுதிய ஜி3, டி5 ஆகிவிடும். அதை ஜி4 என்று பெயரிட்டு விரல் அட்டவணை எழுதிவைத்தால் அப்புறம் எல்லாமே தப்பாகும்.

கணினியில் எழுதுபவர்களுக்கு ஒன்று: மிடி (ஸ்வரங்களை எண்களாகக் குறிக்கும் கணினி முறை) பயன்படுத்தும்போது, யமஹாவின் வழக்கப்படி நடு சி, சி3. ஒரு ஸ்தாயி தள்ளியிருப்பதுபோலத் தோன்றினால் மிடி எண்ணைப் பாருங்கள். 60 என்றிருந்தால் அது நடு சி-தான்.