ஒரே ஃபில்டர், எல்லா லென்ஸுக்கும்

கேமரா லென்ஸின் முன்னால் திருகி மாட்டும் போலரைசர் (பிரதிபலிப்பைக் குறைப்பது), என்டி ஃபில்டர் (உள்ளே வரும் ஒளியைக் குறைப்பது) எல்லாம் லென்ஸுக்கு ஒன்றாக வாங்க வேண்டாம். உங்களிடம் உள்ளதிலேயே பெரிய விட்டமுள்ள லென்ஸுக்கு நல்லதாக ஒன்று வாங்கிவிட்டு, மற்றவற்றுக்கு ஸ்டெப்-அப் ரிங், அதாவது சிறிய லென்ஸில் பெரிய ஃபில்டரை மாட்ட உதவும் வளையம், போட்டுக்கொள்ளுங்கள். லென்ஸின் முன்பக்கத்தில், வட்டத்தில் கோடு போட்ட குறிக்குப் பக்கத்தில் இருக்கும் எண்தான் ஃபில்டர் அளவு, மில்லிமீட்டரில். கேனன் இஎஃப் 50 மி.மீ. எஃப் 1.8 எஸ்டிஎம் லென்ஸுக்கு 49, இஎஃப்-எஸ் 18-55க்கு 58. ஃபில்டர் 77 என்றால் 49-77, 58-77 என இரண்டு ரிங் போதும். ஒரு தரமான போலரைசரின் விலையோடு பார்த்தால் ரிங்கின் விலை அற்பம்.

ஃபில்டர் லென்ஸைவிட அகலமாக இருப்பதால் அதன் விளிம்பு படத்துக்குள் வராது, மூலைகள் கறுக்காது. ரிங்கில் கண்ணாடியே இல்லை, ஆகவே படத்தின் தரமும் குறையாது. ஸ்டெப்-டவுன் ரிங்கைத் தவறி வாங்கிவிடாதீர்கள். அது நேர் எதிர், மூலைகளை இருட்டாக்கிவிடும். முடிந்தால் பித்தளை ரிங்காகப் பாருங்கள், அலுமினியம் சில நேரம் இறுகிக்கொண்டு கழற்ற வராது.

எப்போதும் மாட்டியே வைத்திருக்கும் யூவி ஃபில்டருக்கு இந்த வழி ஒத்துவராது, அது அந்தந்த அளவிலேயே இருக்கட்டும். ரிங் மாட்டினால் லென்ஸின் சொந்த ஹூட் (வெயில் மறைப்பு) பெரும்பாலும் பொருந்தாது. எதிர்வெயிலில் எடுக்கும்போது கையால் மறைத்துக்கொள்ள வேண்டியதுதான். முன்கண்ணாடி புடைத்திருக்கும் மிக அகலக் கோண லென்ஸ்களில் பலவற்றுக்குத் திருகும் மரையே கிடையாது, அங்கே ரிங்குக்கு வேலை இல்லை.