செவ்வாய்ப்பேட்டைக் கடைகளைப் பார்த்து மாடல் ரயிலுக்குக் கட்டடம் செய்வது எப்படி?

நம்மூர் ரயில் ஓடும் லேஅவுட்டில் (தண்டவாளமும் ஊரும் அமைத்த மாடல் மேடை) நம்மூர்க் கடைவீதிதான் நிற்க வேண்டும். அதற்குச் சேலம் செவ்வாய்ப்பேட்டை, லீ பஜார் பக்கம் ஒரு சுற்று சுற்றினால் போதும். கீழே ஷட்டர் போட்ட மண்டி, மேலே பழைய மர ஜன்னல். சேலம் மார்க்கெட் ஸ்டேஷனும் பக்கத்திலேயே இருப்பதால் தண்டவாளத்தை ஒட்டி வைத்தாலும் பொருந்தும். இங்குள்ள கணக்கெல்லாம் எச்.ஓ. என்ற மாடல் ரயில் அளவுக்கு (1:87, அதாவது நிஜத்தில் 87-இல் ஒரு பங்கு). அதில் 1 அடி என்றால் 3.5 மி.மீ.

படி 1: படம். கடைக்காரரிடம் கேட்டுவிட்டு, எதிர்ச்சாரியில் நேர் எதிரே நின்று எடுங்கள். போனை அண்ணாந்து பிடித்தால் மாடி குறுகித் தெரியும், அளவு தப்பும். ஒரு ஷட்டரின் அகலத்தை மட்டும் டேப்பால் அளந்துகொள்ளுங்கள்.

படி 2: பிரிண்ட். ஷட்டர் 8 அடி என்றால், அது காகிதத்தில் 28 மி.மீ. வரும்படி படத்தைச் சுருக்கிப் பிரிண்ட் எடுங்கள். முகப்பின் மற்ற அளவுகளை ஸ்கேல் வைத்து அதிலிருந்தே எடுக்கலாம்.

படி 3: குறைப்பது. புதியவர்கள் சறுக்குவது இங்கேதான். இடம் பற்றவில்லை என்று மொத்தக் கட்டடத்தையும் சுருக்கினால் கதவு சின்னதாகி, பக்கத்தில் நிற்கும் ஆள் பொம்மை ராட்சதனாகத் தெரிவார். கதவு (7 அடி, 24.5 மி.மீ.), ஷட்டர், மாடி உயரம் மூன்றிலும் கை வைக்காதீர்கள். ஐந்து ஷட்டரை மூன்றாக்குங்கள். 60 அடி ஆழத்துக்கு 210 மி.மீ. வேண்டும், 70 மி.மீ. வைத்தாலே கண்ணுக்குப் போதும். லேஅவுட்டின் பின்னணிச் சுவரை ஒட்டி நிற்கும் கட்டடத்துக்கு 25 மி.மீ. தாராளம்.

படி 4: வெட்டுவது. 3 மி.மீ. சன்போர்டு (லேசான நுரை பிளாஸ்டிக் பலகை) எடுங்கள். இந்த அளவில் அது ஏறக்குறைய 10 அங்குலம், அதாவது பூசிய 9 அங்குலச் சுவர். ஜன்னல் குழிவு தானாகச் சரியாக வரும். சுவர்களை ஒட்டுவதற்கு முன்பே ஜன்னல்களை வெட்டிவிடுங்கள். புது பிளேடால் மூன்று நான்கு முறை லேசாக இழுங்கள். ஒரே அழுத்தில் வெட்டினால் விளிம்பு சாய்ந்துவிடும். உள்மூலைகளில் சதுரக் குச்சி வைத்து ஒட்டினால் கோணம் நிற்கும்.

படி 5: ஷட்டர். மை தீர்ந்த பால்பாயின்ட் பேனாவால் மெல்லிய அட்டையில் 1 மி.மீ. இடைவெளியில் கோடு அழுத்துங்கள். வேறு எதுவும் வாங்க வேண்டாம்.

படி 6: பெயின்ட். மேட் அக்ரிலிக் மட்டும். பளபளக்கும் எனாமல் கட்டடத்தைப் பிளாஸ்டிக் ஆக்கிவிடும். எந்த நிறத்திலும் கொஞ்சம் வெள்ளை கலந்து வெளிறச் செய்யுங்கள். மழைக்கறை சன்ஷேடின் இரு முனையிலிருந்தும் தூம்புக்கு அடியிலிருந்தும் நேர்கீழாக இறங்கும். படத்தைப் பார்த்துத் தண்ணீராகக் கரைத்த கறுப்பைத் தொடுங்கள்.

பெயர்ப்பலகையைக் கடைசியில் ஒட்டுங்கள். வெட்டிய காகிதத்தின் வெள்ளை விளிம்பில் அதே நிற ஸ்கெட்ச் பேனாவை ஓட்டிவிட்டு ஒட்டினால் துண்டாகத் தெரியாது.