ஆஸ்திரேலிய வெயிலுக்குக் கூலிங் கிளாஸ்: கறுப்பைப் பார்க்காதீர்கள், லேபிளைப் பாருங்கள்

சென்னையிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ சிட்னிக்கு வந்து இறங்குகிறவர்கள் முதல் அக்டோபரில் தவறாமல் கேட்பது: "இதெல்லாம் ஒரு வெயிலா?" வெளியே 22 டிகிரிதான் இருக்கும். சில்லென்று காற்றடிக்கும், சட்டை நனையாது. வியர்வையை வைத்தே வெயிலை எடைபோட்டுப் பழகியவர்கள் நாம். அந்தக் கணக்கு இங்கே செல்லாது. உடம்பைச் சுடவைக்கும் கதிர் வேறு, கண்ணையும் தோலையும் கெடுக்கும் புற ஊதாக் கதிர் (யூவி) வேறு. அதே 22 டிகிரி நாளில், அந்தக் கதிரின் கடுமையைச் சொல்லும் யூவி குறியீடு 8ஐத் தொட்டுவிடும். டிசம்பர், ஜனவரியில் 11ஐத் தாண்டுவது சாதாரணம்.

அதனால் போனில் வெப்பநிலையைப் பார்ப்பதுபோல் யூவி எண்ணையும் பார்க்கப் பழகிக்கொள்ளுங்கள். வானிலைத் துறையும் சன்ஸ்மார்ட் செயலியும் தினமும் அதைத் தருகின்றன. எண் 3 அல்லது அதற்கு மேல் என்றால் தொப்பி, சன்ஸ்கிரீன், கூலிங் கிளாஸ் மூன்றும் வேண்டும். கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளிவைப்பதால் சிட்னியில் உச்சிவெயில் 12 மணிக்கு அல்ல, 1 மணிவாக்கில் வரும். ஆபீஸில் மதிய உணவுக்குக் கீழே இறங்குகிற நேரம் அதுதான்.

"நமக்குத்தான் கறுப்புத் தோலாச்சே" என்பார்கள். தோலில் இருக்கிற நிறமி தோலுக்குத்தான் காவல், விழிக்கு இல்லை. பல வருடம் வயலிலோ கடலிலோ வேலை செய்த பெரியவர்களின் வெள்ளைவிழியில் மூக்குப் பக்கமாகச் சதை வளர்ந்து கருவிழிமேல் ஏறியிருப்பதை ஊரில் பார்த்திருப்பீர்கள். அதற்கு முக்கியக் காரணம் வெயில்தான். கண்புரை வருவதிலும் யூவிக்குப் பங்குண்டு.

இனி கடைக்குப் போவோம். கூலிங் கிளாஸுக்கென்று 1971லேயே தரநிர்ணயம் வகுத்த நாடு இது. இன்றும் இங்கே விற்கும் கண்ணாடிகளில் லேபிள் இருக்க வேண்டும் என்பது சட்டம். கண்ணாடியில் தொங்கும் அட்டையிலோ லென்ஸில் ஒட்டிய ஸ்டிக்கரிலோ 'ஏஎஸ்/என்இசட்எஸ் 1067' என்ற தர எண்ணையும் கேட்டகரி எண்ணையும் தேடுங்கள். 0, 1 இரண்டும் அழகுக்கு மாட்டுகிறவை. 2 நடுத்தரம். உங்களுக்கு வேண்டியது 3: கண்ணுக்குத் தெரியும் ஒளியில் 8 முதல் 18 சதவீதத்தை மட்டும் உள்ளே விடும், வெளியில் நடக்க, கார் ஓட்ட, கிரிக்கெட் ஆட எல்லாவற்றுக்கும் பொருந்தும். 4 அதைவிடக் கறுப்பு. பனிமலைக்கும் நடுக்கடலுக்கும் சரி, ஆனால் அதைப் போட்டுக்கொண்டு கார் ஓட்டக் கூடாது. லேபிளிலேயே எழுதியிருக்கும். சில அட்டைகளில் ஈபிஎஃப் என்று 1 முதல் 10 வரை ஓர் எண்ணும் இருக்கும். 9, 10 என்றால் யூவியை ஏறக்குறைய முழுவதும் தடுக்கிறது என்று பொருள். 'யூவி 400' என்று போட்டிருந்தாலும் நல்லதே.

லென்ஸ் எவ்வளவு கறுப்பு என்பதும் யூவியை எவ்வளவு தடுக்கிறது என்பதும் ஒன்றல்ல. யூவித் தடுப்பு இல்லாத கறுப்புக் கண்ணாடி, கண்ணாடியே போடாததைவிடக் கெடுதலாகலாம். இருட்டு என்று நினைத்துக் கண்ணின் பாப்பா விரியும், கூசாததால் கண்ணைச் சுருக்கவும் மாட்டோம். திறந்த கதவு வழியாக யூவி தாராளமாக உள்ளே போகும். விலையை வைத்தும் தீர்மானிக்காதீர்கள். மருந்துக்கடையில் 20, 30 டாலருக்குக் கிடைக்கும் கேட்டகரி 3 கண்ணாடி கண்ணைக் காக்கும் வேலையை ஒழுங்காகச் செய்யும். மிச்சப் பணம் பிராண்டுக்குப் போகிறது.

போலரைஸ்டு என்பது தண்ணீரிலும் தார்ரோட்டிலும் பட்டுத் தெறிக்கும் கூச்சத்தைக் குறைக்கிற விஷயம். யூவித் தடுப்பு அதிலிருந்து தானாக வந்துவிடாது, அதையும் தனியே பாருங்கள். ஆனால் சிட்னியின் மேற்கே பிளாக்டவுன், வென்ட்வொர்த்வில் பக்கம் வீடெடுத்துச் சிட்டிக்குக் காரில் போய்வருகிறவர்களுக்கு நான் போலரைஸ்டுதான் சொல்வேன். காலையில் கிழக்கே போகும்போதும் சூரியன் முகத்தில், மாலையில் மேற்கே திரும்பும்போதும் முகத்தில். ஒரே சங்கடம், சில கார்களின் திரையும் சில போன்களும் அதன் வழியே இருண்டு தெரியும். வாங்கும்முன் கடையிலேயே போனை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பாருங்கள். பொழுது சாய்ந்ததும் கழற்றிவிடுங்கள்.

சின்ன வட்டக் கண்ணாடிகள் படத்துக்கு அழகு, வெயிலுக்கு ஆகாது. மேலிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் வெளிச்சம் நுழைகிறது. புருவத்தோடு ஒட்டி, நெற்றிப்பொட்டுவரை வளைந்து வரும் பெரிய பிரேம் நல்லது. மூக்குத்தண்டில் நிற்காமல் வழுக்கினால் எடுக்காதீர்கள்.

ஊரிலிருந்து கொண்டுவந்ததை என்ன செய்வது? கம்பின் உள்பக்கத்தைப் பாருங்கள். ஐரோப்பியத் தரத்துக்குச் செய்தவற்றில் சிஇ முத்திரையும் கேட்டகரி எண்ணும் இருக்கும், எண்ணின் பொருள் இங்கே உள்ளதேதான். நடைபாதைக் கடையில் 150 ரூபாய்க்கு வாங்கிய 'ரேபான்' என்றால் அந்த முத்திரையையும் நம்ப முடியாது. இங்குள்ள கண்ணாடிக்கடை சிலவற்றில் லென்ஸை அளக்கும் கருவி இருக்கிறது, கேட்டால் பார்த்துச் சொல்வார்கள்.

குழந்தைகளுக்குப் பொம்மைக் கண்ணாடி வாங்கித் தராதீர்கள், பொம்மை என்று குறித்து விற்பவை இந்தத் தரத்துக்குள் வருவதில்லை. பள்ளியில் தொப்பி இல்லாவிட்டால் விளையாட விடமாட்டார்கள், ஆனால் கண்ணாடி பெற்றோர் பொறுப்பு. தலையைச் சுற்றிக் கட்டும் பட்டை உள்ளதாக வாங்கினால் தொலையாது.

மெல்போர்னில் ஜூன், ஜூலையில் யூவி 3க்குக் கீழேதான் இருக்கும், அப்போது விட்டுவிடலாம். பனி பார்க்கத் திரெட்போ போகிறீர்கள் என்றால் மட்டும் விடாதீர்கள். புதுப்பனி யூவியில் 80 சதவீதம்வரை திருப்பி அடிக்கும். சாயங்காலம் கண்ணில் மணல் அள்ளிப் போட்டதுபோல் உறுத்தி, நீர் கொட்டி, விளக்கையே பார்க்க முடியாமல் போகும்.

பவர் கண்ணாடி போடுகிறவர்கள் வெயிலில் நிறம் மாறும் லென்ஸை விரும்புவார்கள். நடக்க அருமை, காருக்குள் ஏமாற்றும். முன்கண்ணாடி யூவியைப் பெரும்பாலும் தடுத்துவிடுவதால் லென்ஸ் கறுப்பதில்லை. கார்க்காரர்களுக்குத் தனியே பவர் கூலிங் கிளாஸே நல்லது. பிரைவேட் இன்சூரன்ஸில் எக்ஸ்ட்ராஸ் (பல், கண் போன்ற செலவுகளுக்கான கூடுதல் காப்பீடு) எடுத்திருந்தால் அதில் பெரும்பாலும் ஒரு பகுதி திரும்பக் கிடைக்கும். அரசின் மருத்துவக் காப்பீடான மெடிகேர் உள்ளவர்களுக்குக் கண் பரிசோதனை பல கடைகளில் இலவசம், கண்ணாடி விலை நம்முடையது. ஸ்டூடண்ட் விசாவில் இருப்பவர்கள் தங்கள் காப்பீட்டில் கண் செலவு சேர்கிறதா என்று முதலில் கேட்டுவிடுங்கள்.

பொங்கல் சமயத்தில் பேரப்பிள்ளைகளைப் பார்க்க வரும் அப்பா அம்மாவுக்குப் புதிதாகப் பவர் கண்ணாடி செய்யத் தேவையில்லை. போட்டிருக்கிற கண்ணாடியின் மேலேயே மாட்டிக்கொள்ளும் பெரிய கூலிங் கிளாஸ் மருந்துக்கடைகளில் கிடைக்கிறது. கண்புரை ஆபரேஷன் முடித்தவர்களுக்கு இந்த ஊர் வெளிச்சம் ரொம்பவே கூசும், ஏர்போர்ட்டுக்குப் போகும்போதே ஒன்றை எடுத்துக்கொண்டு போங்கள்.